அளவெடுக்காமல் போட்ட இருக்கை

அம்மா,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் கியர் ஆயில் வாசம் போகவில்லை. கெட்டுப்போன முட்டையும் தீய்ந்த எண்ணெயும் கலந்ததுபோல. விரலை மூக்கருகே கொண்டுபோனால் நீ வந்து நிற்கிறாய்.

முன்பு உனக்கு வேறு வாசம் இருந்தது. மஸ்கட்டிலிருந்து யாராவது ஊருக்கு வரும்போது நீ கொடுத்தனுப்பும் அட்டைப்பெட்டியின் வாசம். என்னை வளர்த்த சித்தி கத்தரியால் டேப்பை அறுத்ததும் சோப்பு, பால்பவுடர், புதுத்துணி எல்லாம் சேர்ந்து எழும். பெட்டிக்குள் தலையை விட்டு மோந்துகொண்டிருப்பேன். அதைத்தான் அம்மா என்று நினைத்திருந்தேன். பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை முடித்துக்கொண்டு நீயே வந்தாய். வந்து, கியர் ஆயில் வாசத்துக்கு மாறினாய்.

முழங்காலில் நீலம் கட்டியிருக்கிறது. அதுவும் உன் லாரி தந்ததுதான்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். போனவளிடம் கோபம் வைக்கக் கூடாது என்கிறாள் சித்தி. "அவ போயிட்டா. இனி யாருக்கிட்ட ஏட்டி இந்த வெப்ராளம்?" போனதால்தான். இருந்திருந்தால் நேரில் வந்து கத்தியிருப்பேன். நீ லாரிக்கு அடியிலிருந்து "என்ன மக்களே?" என்று கேட்டிருப்பாய், முகத்தைக் காட்டாமல்.

*

நான் ஐதராபாத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டதை நீ சொன்ன அதே போனில் லாரியைப் பற்றியும் சொன்னாய். அருமனையில் மரம் அறுக்கும் ஒரு தடி மில்லுக்குப் பின்னால், ரப்பர் விளையில், கொடி படர்ந்து கிடந்ததாம். எஞ்சின் மூடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து மூக்கு லாரி. டிரைவர் கூண்டின் மரமெல்லாம் உளுத்துப்போய், டயர் பாதி மண்ணுக்குள். மில்காரர் இரும்புக்குப் போடவிருந்ததை நீ வாங்கினாய். கட்டி இழுத்து வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஷெட் போட்டு நிறுத்தினாய்.

"எதுக்கும்மா?"

"ஆசையா இருந்து."

அவ்வளவுதான் பதில்.

ஊருக்கு அது போதவில்லை. அப்பாவின் ஞாபகத்துக்காக வாங்கியிருக்கிறாள் என்று கதை கட்டினார்கள். சிலர் உன்னிடமே வந்து கேட்டார்கள். "அவருக்க ஞாபகத்துக்கா? அவரு சைக்கிள்ல போனாலே நாலு எடத்துல கால் ஊணுவாரு. லாரியக் கண்டா ஓடையில எறங்கி நிப்பாரு" என்று சொல்லி நீ சிரித்திருக்கிறாய். நான் எழுத்துப் பழகும் முன்பே போய்விட்ட அப்பா. அவரைப் பற்றி நீ சிரித்துச் சொன்னதாக நான் கேள்விப்பட்டது இது ஒன்றுதான். அதையும் என்னிடம் சொல்லவில்லை. சித்தி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஞாபகத்துக்காக என்றால் பொறுத்திருப்பேன். ஆசை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நீ அங்கே இருப்பது எனக்காக என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். சோற்றை மிச்சம் வைத்தால், "அம்மை அங்க கெடந்து கஷ்டப்படுதா." மார்க் குறைந்தால், "அம்மை அங்க கெடந்து கஷ்டப்படுதா." காய்ச்சலில் அழுதால்கூட. உனக்கு ஆசை என்று ஒன்று உண்டு என யாரும் சொல்லித் தரவில்லை. அப்படி ஒன்று இருந்தால் அது நானாகத்தான் இருக்கும் என்று, கேட்காமலே, முடிவு செய்து வைத்திருந்தேன்.

*

பழைய வண்டியைப் பழையபடி நிறுத்திப் பார்ப்பது உன் எண்ணமில்லை. வெல்டிங்குக்கு வந்த ஸ்டீபன் மாமா தலையில் அடித்துக்கொண்டார். மார்த்தாண்டத்தில் அவருக்குச் சின்னப் பட்டறை. வாய் ஓயாது. சொன்ன நாளில் வந்ததும் கிடையாது. "ஒரிஜினலா இருந்தாத்தான் அக்கா இதுக்கு மதிப்பு. இதுல போயி பவர் ஸ்டியரிங்கா?"

"மதிப்ப வச்சிட்டு நான் என்ன செய்ய? எனக்கு ஓட்டணும்."

எங்கோ உடைத்த புது லாரியிலிருந்து பவர் ஸ்டியரிங் வந்தது. மாமா முதல் தடவை மாட்டியபோது வலதுக்குத் திருப்பினால் இடதுக்குப் போனது. நீ அந்த வீடியோவை அனுப்பினாய். பின்னணியில் உன் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நூலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். எரிச்சலாக இருந்தது.

ஏறுவதற்குத் தாழ்வாக ஒரு படி. கூண்டுக்கு அயனி மரப் பலகை. தலைக்கு மேல் சின்ன ஃபேன். மூக்கின் துருவை உப்புத்தாளால் நீயே தேய்த்தாய், மாதக்கணக்கில். ஊசி குத்தி ஊசி குத்திப் பழகிய விரல்களில் தோல் உரிந்த படம் வரும். கீழே, "இண்ணு இவ்வளவு முடிஞ்சு."

கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாய். பயிற்சிப் பள்ளிக்காரர், "அம்மா, கார் கிளாஸ் அந்தப் பக்கம்" என்றாராம். "கார் ஓட்டத் தெரியும். இதாக்கும் தெரியாதது." இருபது வயதுப் பையன்களின் வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கினாய். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கொஞ்சம் பெருமையோடுதான்.

எனக்கும் பெருமை இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் நான் ஊருக்கு வந்தால் நீ ஷெட்டில் இருந்தாய். போன் செய்தால் கிரைண்டர் சத்தம். என் ஆய்வு எதைப் பற்றி என்று நீ கேட்கவே இல்லை. மஸ்கட் தூரம் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே புரிந்தது. முற்றத்துக்கும் ஷெட்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் புரியவில்லை.

*

அந்தக் கிறிஸ்துமஸ். வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கியது. அடுக்களையில் சித்தி முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தாள். பையை வைத்துவிட்டு, நீ வருவாய் என்று வெகுநேரம் பார்த்திருந்து, ஷெட்டுக்கு வந்தேன். லாரிக்கு அடியிலிருந்து உன் இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது.

"எப்ப வந்த மக்களே?"

"வந்து ரொம்ப நேரமாச்சு."

"சாப்டியா?"

"ம்."

"அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடுத்துத் தா."

பத்தொன்பதை எடுத்துத் தந்தேன். வேண்டுமென்றே. நீ உள்ளே முட்டி மோதிக்கொண்டிருந்தாய். "சவம், இது என்ன சேரமாட்டேங்கு." அங்கே நின்றுகொண்டு, உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, கேட்டேன்.

"இத்தன வருஷம் அங்க கெடந்த. சரி. இப்ப இஞ்ச வந்தும் லாரிக்க அடியில போயி கெடக்கணுமா?"

சத்தம் நின்றது. நீ முதுகால் நகர்ந்து வெளியே வந்தாய். கன்னத்தில் கரி. கோபப்படுவாய் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எழுந்து, கையைத் துடைத்து, இடதுபக்கக் கதவைத் திறந்தாய். பண்டிகைக்கு உடுப்பு எடுத்துக் காட்டுகிற முகம்.

"வா. ஏறி இரி. உனக்கு சீட்டு போட்டிருக்கேன். ஓடத் தொடங்கினா மொதல்ல பேச்சிப்பாறை அணைக்கு. நீயும் நானும்."

"எனக்கு வேண்டாம்."

"அப்பறம் இரி. சீட்டு எங்க போவப்போவுது."

நான் ஏறவில்லை. அதற்காக இப்போது வருந்த வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வருந்தவில்லை. ஒருத்தி தன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதிலாக அம்மா ஒரு இருக்கையைக் காட்டினாள்.

*

வைகாசி மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் சரிந்திருக்கிறாய். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். நான் வந்து சேரும்போது நீ பேசவில்லை. பிறகும் பேசவில்லை.

பிரஷர் மாத்திரை அட்டைகள் ஸ்பேனர் பெட்டியில் கிடந்தன. நிறைய. உடைக்காமல். தெரு முழுக்க உன்னிடம் வந்து பிரஷர் பார்த்துக்கொண்டு போகும். "மாத்திரைய விட்டுட்டியா? அறிவில்லியா ஒனக்கு?" என்று கடைக்கார அண்ணாச்சியைத் திட்டியவள் நீ. சொந்த மாத்திரையைப் போல்ட்டு நட்டுக்கு நடுவில் போட்டு வைத்திருந்தாய். இதை நான் மன்னிக்கவே போவதில்லை. இதற்குப் பின்னால் எந்த அழகான விளக்கமும் இல்லை. நீ வேலை மும்முரத்தில் மறந்தாய். ஒரு பழைய எஞ்சினுக்கு ஆயில் மாற்ற வேண்டிய நாள் மட்டும் மறக்கவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர் உன் தியாகத்தைப் பற்றிப் பேசினார். மகளுக்காக உருகிய மெழுகுவர்த்தி என்றார். பெண்கள் அழுதார்கள். என்னைத் திரும்பிப் பார்த்து அழுதார்கள். நான் உன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்துக்குள் இருந்த கரியை ஒருவராலும் எடுக்க முடியவில்லை. எழுந்து நின்று, அது தியாகம் இல்லை, லாரி என்று சொல்லத் தோன்றியது.

*

லாரியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். சித்திக்கும் அதுதான் சரியென்று பட்டது. "அந்தச் சவம் நிக்கிறதுவர நீ ஒறங்கமாட்ட." இராஜாக்கமங்கலம் பக்கம் கடலோரத்தில் விடுதி கட்டும் ஒருவர், சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஸ்டீபன் மாமா வந்தார். வண்டி மழைக்காலம் முழுக்க நின்றிருந்தது. கியர் ஆயில் ஊற்றும்போது புனலைப் பிடிக்கச் சொன்னார். கையெல்லாம் வழிந்தது. டீசல் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. பம்பில் ஒரு திருகைத் தளர்த்தி, அமுக்கி அமுக்கி, நுரைநுரையாக வந்தது தீர்ந்து வெறும் டீசல் வரும்வரை எடுத்தார். பிறகு சாவியைத் திருப்பினார். இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. பலாமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

"அந்தப் பக்கம் ஏறி இரி மோளே. மதிலுல தட்டுதான்னு பாத்துச் சொல்லு."

அப்படித்தான் நீ எனக்குப் போட்ட இருக்கையில் முதல் தடவை உட்கார்ந்தேன்.

உட்கார முடியவில்லை. இருக்கை சரிதான், மெத்தென்று தைத்திருந்தாய். அதற்குக் கீழே கால் வைக்க ஒரு இரும்புப் பலகை. அசையாமல் வெல்டு வைத்திருந்தது. அதில் காலை வைத்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. பலகைக்குக் கீழே காலை விடவும் இடமில்லை. கோழிக்குஞ்சுபோல ஒடுங்கிக்கொண்டு மதிலைப் பார்த்தேன். மாமா கிளட்சை விட்டார். வண்டி குலுங்கி முன்னால் சாடியது. முன்னாலிருந்த தகட்டில் முழங்கால் போய் இடித்தது.

"மாமா, இது என்ன பலகை?"

மாமா எஞ்சினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

"நான் அப்பமே சொன்னேன் மோளே. அக்கா கேக்கல. தரை தாழ்ந்து கெடக்கு, பிள்ளைக்க கால் தொங்கும், ஒரு பலகை வையின்னாவ. எவ்வளவு ஒசரம்னு கேட்டேன். இந்த சீட்டுல வந்து இருந்து, கைய இப்பிடிப் பிடிச்சு, இவ்வளவுன்னாவ. அக்கா, இது சின்னப் பிள்ளைக்க அளவுல்லா, மோளு காலேஜெல்லாம் முடிச்சாச்சே, ஒரு போன் போட்டுக் கேளுங்கன்னேன். எனக்க பிள்ளைக்க அளவு எனக்குத் தெரியாதாலேன்னு என்னைய ஏசினாவ."

எனக்குத் தெரியாதா.

அம்மா, உனக்கு எப்படித் தெரியும்?

உனக்கு என் அளவு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். சித்தி என்னைச் சுவரோரம் நிறுத்துவாள். இடுப்பிலிருந்து முட்டிவரை ஒரு நூல். முட்டியிலிருந்து குதிகால்வரை ஒரு நூல். அறுத்து, முனையில் முடிச்சுப் போட்டு, மஸ்கட்டுக்குப் போகிறவர் யாரோ, அவர் பையில் கொடுத்துவிடுவாள். நீ அந்த நூலைக் கடையில் பாவாடைமேல் வைத்துப் பார்த்து வாங்குவாய். அது ஊருக்கு வரும் ஆளைத் தேடிப் பிடித்து வந்து சேர்வதற்குள் நான் வளர்ந்திருப்பேன். எல்லாப் பாவாடையும் முட்டிக்கு மேலே. எல்லாச் செருப்பும் விரலைக் கடிக்கும். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போக வேண்டும். "அம்மை வாங்கித் தந்ததுல்லா." நொண்டிக்கொண்டே போவேன்.

உன் கையில் அந்த நூல் இன்னும் இருந்திருக்கிறது. ஐந்தரை அடி உயரத்தில் உன் எதிரே வந்து நின்று சண்டை போட்டவளை நீ பார்த்தாய். ஆனால் கால் நீளம் என்று கேட்டதும் உன் கை நூலின் அளவுக்குத்தான் போயிருக்கிறது. கேட்டிருக்கலாம். ஒரு போன். நான் அப்போது உனக்குத் தினமும் போன் செய்துகொண்டிருந்தேன்.

அன்று கீழே இறங்கி, அந்தப் பலகையை ஓங்கி உதைத்தேன். நல்ல வெல்டு. அசையவில்லை.

*

சனிக்கிழமை விடுதிக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை. லாரியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தேங்காய் வாங்குகிறவர்போல மூக்கைத் தட்டிப் பார்த்தார்.

"கொள்ளாம். எஞ்சின் எங்களுக்கு வேண்டாம், அத எறக்கிருவோம். முன்னால வரிசையா பல்பு. பின்னால ஜூஸ் கவுண்டர். கடலப் பாத்து நிறுத்துனா எல்லாரும் போட்டோ எடுப்பாவ."

அவர் இடதுபக்கக் கதவைத் திறந்தார்.

"அட, பிள்ளைகளுக்குன்னு ஒரு சீட்டு! இது யாருக்க ஐடியா? நல்லாருக்கு. சின்னப் பிள்ளைகள இதுல இருத்தி எடுக்கலாம். அம்மாக்க பேரையும் ஒரு போர்டுல எழுதிருவோம், என்ன?"

"விக்கல" என்றேன்.

"நேத்து விக்கணும்னுதான போன்ல…"

"அது பிள்ளைகளுக்க சீட்டு இல்ல. எனக்குள்ளது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தி அவருக்குச் சாயா கொடுத்து அனுப்பிவைத்தாள். திரும்பி வந்து, "உனக்கும் பிடிச்சிட்டுதா லாரிப் பைத்தியம்?" என்றாள்.

பிடிக்கவில்லை. நீயும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மனசு மாறி, எல்லாவற்றையும் மன்னித்து, நான் அதை வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆள் அந்த இருக்கையைப் பார்த்து ரசித்ததுதான் தாங்கவில்லை. தப்பாகப் போட்ட இருக்கை அது. அதைத் தப்பு என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு.

அவர் போனபிறகு வலதுபக்கம் ஏறினேன். உன் இருக்கை. யாரும் இல்லை. கிளட்சை மிதித்துப் பார்த்தேன். கால் நீட்டவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம். பிரேக் எட்டியது. ஸ்டியரிங் கைக்கு வந்தது. முதுகு படிய வேண்டிய இடத்தில் படிந்தது. உன் காலுக்கு அளந்து போட்டது. எனக்கு அப்படியே சரியாக இருந்தது.

அப்போதுதான் கோபம் தலைக்கேறியது. நூலும் வேண்டாம், போனும் வேண்டாம். உன் காலை ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும்.

ஸ்டீபன் மாமாவைக் கூப்பிட்டேன். அன்று மட்டும் அதிசயமாக உடனே வந்தார்.

"அந்தப் பலகைய வெட்டி எடுங்க. சரியான ஒசரத்துல வேற வையுங்க."

"அளவு?"

"நான் இருக்கேன். பிடிச்சு எடுங்க."

இடதுபக்கம் ஏறி, கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து காலை வெளியே தொங்கவிட்டேன். மாமா டேப்பின் ஒரு முனையை முட்டியில் வைத்து, குதிகால்வரை இழுத்தார். சாக்கட்டியால் தகட்டில் கோடு போட்டார். எனக்குத் தெரிந்து என் கால் அளவை, நூலில் முடிந்து எங்கும் அனுப்பாமல், நேரடியாக எடுத்து வேலை செய்தவர்கள் தையல்காரர்கள் மட்டும்தான். இவர் இன்னொருவர். டேப் சுருண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

"நீ இஞ்ச இருந்தா," என்றார் மாமா, சாக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு, "பின்ன ஓட்டுறது யாரு?"

வேலை நினைவில் கேட்டதுதான். கேட்டபிறகு அவரே கிரைண்டரைப் போட்டுவிட்டார். பொறி பறந்தது. பதில் சொன்னாலும் கேட்டிருக்காது.

*

இன்று ஞாயிறு. எல்லோரும் ஆராதனைக்குப் போயிருக்கிறார்கள். புதுப்பலகை சரியாக இருக்கிறது. இரண்டு தடவை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். வலதுபக்கம் ஆளில்லாத கூண்டில், முழங்கால் இடிக்காமல். அதில் ஒரு சுகமும் இல்லை.

பழைய பலகையை மாமா இரும்புக் குவியலில் எறியப் போனார். வாங்கிக்கொண்டேன். வெட்டிய ஓரம் இன்னும் கூராக இருக்கிறது. இப்போது மேசைக்கு அடியில் கிடக்கிறது. அதன்மேல் காலை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உயரம் சரியில்லை. நீலம் கட்டிய இடத்திலேயே மேசை விளிம்பு இடிக்கிறது.

ஐதராபாத்துக்குத் திரும்பும்போது எடுத்துப் போவேன். துணிக்கு நடுவில் வைத்தாலும் கனம் தெரியும். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் யாராவது பையைத் தூக்கிப் பார்த்து இது என்ன என்று கேட்பார்கள்.

அம்மா கொடுத்தனுப்பியது என்பேன். அளவுதான் பத்தாது என்பேன்.